வாஸுக்குப் பின்னால் என்ன வரும்? கொழிஞ்சாம்பாறை டியூஷனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற கொழிஞ்சாம்பாறையில் வீட்டு முன்னறையில் டியூஷன் எடுக்கிறேன். வேலந்தாவளம், எருத்தேம்பதி, நாட்டுக்கல் பக்கத்துப் பிள்ளைகள் வருவார்கள். பாதிப் பேர் தமிழ் மீடியம், பாதிப் பேர் மலையாள மீடியம். ராத்திரியானால் பி.எஸ்.சி. பரீட்சைக்கு, அதாவது அரசு வேலைத் தேர்வுக்கு, படிக்கிற பெரியவர்கள். வயது எதுவானாலும் சறுக்குகிற இடம் ஒன்றுதான்: 'பயமாக இருந்தது', 'கோபமாக இருந்தேன்' என்பதை இங்கிலீஷில் 'வாஸ்' போட்டு எழுதும்போது அந்த அட்ஜெக்டிவுக்கு (தன்மையைச் சொல்லும் சொல்லுக்கு)ப் பின்னால் எந்த ப்ரெபொசிஷனை (ஆன், இன், வித் மாதிரிச் சின்னச் சொல்லை)ப் போடுவது? நோட்டில் குறித்துவைத்த கேள்விகளை இங்கே எடுத்து எழுதியிருக்கிறேன்.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஓ, எஃப் என்ற இரண்டெழுத்துச் சொல்லை 'ஆவ்' என்று எழுதுகிறேன். ஸ்விட்சை அணைக்கிற மூன்றெழுத்து 'ஆஃப்' வேறு. ஆதியில் இரண்டும் ஒரே சொல்தான். பிறகு பாகம் பிரித்துக்கொண்டு போய்விட்டன.

இறந்த காலத்தில் எழுதினால் ப்ரெபொசிஷனும் மாறுமா, டீச்சர்?

மாறாது. 'ஷி இஸ் ப்ரவுட் ஆவ் ஹர் சன்' என்பது 'ஷி வாஸ் ப்ரவுட் ஆவ் ஹர் சன்' ஆகும். இஸ், ஆம் இரண்டும் வாஸ் ஆகும். ஆர் என்பது வேர் ஆகும். ப்ரவுட் அசையாது, ஆவ் அசையாது. வாஸுக்குப் பதில் ஃபெல்ட், லுக்ட், பிகேம், காட் என்று எது வந்தாலும் இதே கதைதான்: 'ஷி ஃபெல்ட் ப்ரவுட் ஆவ் ஹிம்.'

'ஐ டிட் நாட் அஃப்ரெய்ட்' என்று எழுதினேன். சிவப்பு மையில் சுழித்துவிட்டீர்கள். ஏன்?

தமிழில் 'பயந்தேன்' என்பது வினை. பயந்தேன், பயப்படவில்லை, பயந்தாயா என்று அது தானே காலம் காட்டும், தானே இல்லை என்று சொல்லும். இங்கிலீஷ் அஃப்ரெய்டுக்கு அந்தச் சக்தி கிடையாது. அது அட்ஜெக்டிவ். அதைத் தூக்கிச் சுமக்க ஒரு வாஸ் வேண்டும். டிட் என்பது வினையோடு மட்டும்தான் சேரும். ஆகவே 'ஐ வாஸன்ட் அஃப்ரெய்ட் ஆவ் ஹிம்', கேள்வியானால் 'வேர் யூ அஃப்ரெய்ட் ஆவ் ஹிம்?'

வினைதான் வேண்டுமென்றால் 'ஃபியர்' இருக்கிறது. 'ஐ ஃபியர்ட் ஹிம்.' அங்கே ஆவ் வேண்டாம். ஃபியர்ட் ஆவ் என்று இரண்டையும் ஒட்டிவைப்பவர்கள் என்னிடம் வருஷத்துக்கு நாலைந்து பேராவது வருகிறார்கள்.

இன்னொன்று. அஃப்ரெய்ட் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வராது. 'பயந்த பையன்' என்பதை 'அன் அஃப்ரெய்ட் பாய்' என்று எழுதாதீர்கள், 'எ ஃப்ரைட்டன்ட் பாய்' என்று எழுதுங்கள்.

எனக்கு அண்ணன் மேலே கோபம். அப்புறம் 'ஆங்ரி ஆன்' ஏன் தப்பு?

இந்தக் கேள்வி வந்த நாளை மறக்க மாட்டேன். ஒரே பெஞ்சில் இரண்டு பெண்பிள்ளைகள், இரண்டு பேரும் ஒன்பதாம் வகுப்பு. 'நேற்று உனக்கு யார்மேல் கோபம் வந்தது?' என்று ஒரு வரி எழுதச் சொன்னேன். தமிழ் மீடியக்காரி 'ஐ வாஸ் ஆங்ரி ஆன் மை பிரதர்' என்று எழுதினாள். பக்கத்தில் இருந்த மலையாள மீடியக்காரி 'ஐ வாஸ் ஆங்ரி டு மை பிரதர்' என்று எழுதினாள். ஒருத்தி மற்றவள் நோட்டை எட்டிப் பார்த்து, 'இவ தப்பு டீச்சர்' என்றாள். ரப்பர் என் கையில்தான் இருந்தது. இரண்டையும் அழித்தேன்.

தமிழில் கோபம் ஒருவர் 'மேல்' வருகிறது. 'மேல்' என்றால் ஆன் என்று சின்ன வகுப்பிலேயே படித்தாகிவிட்டது, 'புக் ஆன் தி டேபிள்' மாதிரி. மேசைமேல் புத்தகம், அண்ணன்மேல் கோபம். கணக்குச் சரி, விடை தப்பு. மலையாளத்தில் 'எனிக்கு அவனோடு தேஷ்யம்' என்பார்கள். அந்த 'ஓடு' அங்கே 'அவனோடு பறஞ்ஞு' என்பதிலும் வரும். அதாவது 'அவனிடம் சொன்னேன்', இங்கிலீஷில் 'டு ஹிம்'. அதனால் அவள் டு போட்டாள். அந்த 'ஓடு'வை நம் தமிழ் 'ஓடு' மாதிரி எடுத்துக்கொண்டு வித் என்று போட்டிருந்தால் தப்பித்திருப்பாள். அதை அவளிடம் சொன்னபோது தமிழ் மீடியக்காரிக்கு முகம் சுருங்கிவிட்டது.

ஆளிடம் கோபம் என்றால் 'ஆங்ரி வித்', 'ஆங்ரி அட்' இரண்டும் சரி. விஷயத்தில் கோபம் என்றால் 'ஆங்ரி அபவுட்'. 'ஐ வாஸ் ஆங்ரி வித் மை பிரதர் அபவுட் தி சைக்கிள்': சைக்கிள் விஷயமாக அண்ணனிடம் கோபம். ஒரே வாக்கியத்தில் இரண்டும் வந்துவிட்டன.

ஏன் வித்? கூட இருப்பவனிடம் யாராவது கோபப்படுவார்களா என்று கேட்டால், கூட இருப்பவனிடம்தானே அதிகம் கோபப்படுகிறோம் என்று சொல்லிச் சிரிக்கலாம். உண்மையான காரணம் வேறு. பழைய இங்கிலீஷில் வித் என்ற சொல்லுக்கு 'எதிராக' என்றே பொருள் இருந்தது. 'வித்ஸ்டாண்ட்' என்றால் எதிர்த்து நிற்பது. அந்தப் பழைய பொருள் அதில் இன்னும் உயிரோடு இருக்கிறது. 'ஃபைட் வித்' என்பதிலும் அந்த வாடை அடிக்கிறது.

நாயைக் கண்டால் பயம், பாம்புக்குப் பயம். இதில் 'ஆவ்' எங்கிருந்து வந்தது?

எனக்குப் பிடித்த கேள்வி. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

அஃப்ரெய்ட் ஒரு காலத்தில் வினையிலிருந்து பிறந்த சொல். பிரெஞ்சு வழியாக வந்த 'அஃப்ரே' என்ற வினைக்கு 'மிரட்டு, கலங்கடி' என்று பொருள். அதன் செயப்பாட்டு வடிவம்தான் அஃப்ரெய்ட், 'மிரட்டப்பட்ட'. யாரால், எதனால் என்று சொல்ல அந்தக் காலத்தில் ஆவ் போடுவார்கள். இன்று நாம் பை போடுகிற இடம் அது. வினை வழக்கொழிந்தது, அட்ஜெக்டிவ் மிஞ்சியது. ஆவ் மட்டும் போகாமல் ஒட்டிக்கொண்டது.

இப்போது நம் பக்கம் பாருங்கள். அச்சத்தைக் குறிக்கும் சொல்லுக்கு ஐந்தாம் வேற்றுமையும் வரும், இரண்டாம் வேற்றுமையும் வரும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. 'பழியின் அஞ்சும்' என்றாலும் சரி, 'பழியை அஞ்சும்' என்றாலும் சரி. ஐந்தாம் வேற்றுமை ஒன்றிலிருந்து விலகுவதைச் சொல்வது. இங்கிலீஷ் ஆவ் என்பதன் பழைய பொருளும் 'இலிருந்து விலகி' என்பதுதான். ஆகவே 'பழியின் அஞ்சும்' என்று சொன்ன தமிழ்க் காதுக்கு 'அஃப்ரெய்ட் ஆவ்' அந்நியமே இல்லை. நாம்தான் அந்த 'இன்'னைக் கைவிட்டு 'கண்டால்', 'பார்த்து', 'க்கு' என்று வேறு வழி போய்விட்டோம். தொல்காப்பியம் சொன்ன இரண்டாம் வேற்றுமையை மலையாளம் இன்றும் வைத்திருக்கிறது: 'எனிக்கு நாயயெ பேடியாணு.' எங்கள் தெருவில் தினமும் காதில் விழுகிற வாக்கியம்.

ஸ்கேர்ட், டெரிஃபைட், ஜெலஸ், அஷேம்ட், ஃபாண்ட், அவேர், கேபபிள், ஃபுல் எல்லாமே ஆவ் கூட்டம்தான். 'ஹி வாஸ் ஜெலஸ் ஆவ் மீ', 'தி கேன் வாஸ் ஃபுல் ஆவ் டாடி' (கேன் நிறையக் கள் இருந்தது, எங்கள் ஊர் உதாரணம், மன்னிக்கவும்). ஃபாண்ட் என்பதற்கு முன்பு 'மடத்தனமான' என்று பொருள். பாட்டிக்குப் பேரன்மேல் உள்ள பிரியத்தைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான சொல் இருக்கிறதா?

அஃப்ரெய்ட் டு, அஃப்ரெய்ட் ஆவ் இரண்டும் பார்க்கிறேன். எது எப்போது?

'ஐ வாஸ் அஃப்ரெய்ட் டு கிராஸ் தி ரிவர்': பயத்தில் ஆற்றைக் கடக்கத் துணியவில்லை. 'ஐ வாஸ் அஃப்ரெய்ட் ஆவ் ஃபாலிங்': விழுந்துவிடுவேனோ என்ற பயம். யாரும் விழத் துணிவதில்லை, அதனால் இங்கே டு ஒட்டாது. மூலத்தறைப் பக்கம் சித்தூர்ப்புழையில் தண்ணீர் ஓடும்போது இரண்டும் ஒன்றாகவே வரும்: விழுந்துவிடுவோம் என்ற பயத்தால் கடக்கப் பயம்.

ப்ரெபொசிஷனுக்குப் பின்னால் வினை வந்தால் அதற்கு 'இங்' வால் வேண்டும். 'டயர்ட் ஆவ் வெயிட்டிங்.' 'டயர்ட் ஆவ் வெயிட்டட்' என்று எழுதாதீர்கள். வாக்கியம் இறந்த காலம் என்பதற்காக எல்லாச் சொல்லுக்கும் இறந்த காலச் சட்டை மாட்ட வேண்டியதில்லை.

ஃப்ரைட்டன்ட் ஆவ், ஃப்ரைட்டன்ட் பை இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. வாளையார்க் காட்டுப் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். 'ஹி வாஸ் ஃப்ரைட்டன்ட் பை அன் எலிஃபன்ட்' என்றால் ஒரு யானை வந்தது, அவரை மிரட்டியது, ஒரு சம்பவம் நடந்தது. 'ஹி வாஸ் ஃப்ரைட்டன்ட் ஆவ் எலிஃபன்ட்ஸ்' என்றால் அவருக்கு யானை என்றாலே பயம். ஒரு யானையைக்கூட நேரில் பார்க்காதவராகவும் இருக்கலாம். முன்னதில் வினையின் வாசம், பின்னதில் சுபாவம்.

சர்ப்ரைஸ்ட் மட்டும் இந்தப் பிரிவினைக்குள் சரியாக அடங்காது. 'சர்ப்ரைஸ்ட் அட் தி நியூஸ்', 'சர்ப்ரைஸ்ட் பை தி நியூஸ்' இரண்டையும் ஏறக்குறைய ஒரே பொருளில் எழுதுகிறார்கள்.

குட் இன் மேத்ஸா, குட் அட் மேத்ஸா?

அட். 'ஷி வாஸ் குட் அட் மேத்ஸ்.' தமிழ் 'கணக்குல கெட்டிக்காரி', மலையாளம் 'கணக்கில் மிடுக்கி', இரண்டுமே இன் போடச் சொல்லி இழுக்கும், இழுபடாதீர்கள். மார்க் என்று வந்தால் மட்டும் இன்: 'ஷி காட் குட் மார்க்ஸ் இன் மேத்ஸ்.' குழந்தைகளிடம் பழகத் தெரிந்தவர் 'குட் வித் சில்ட்ரன்', என்னிடம் நல்லவிதமாக நடந்துகொண்டவர் 'குட் டு மீ'.

அப்படியானால் தமிழில் நினைத்து எழுதவே கூடாதா?

அப்படிச் சொல்ல மாட்டேன். 'க்கு' பெரும்பாலும் கைகொடுக்கும். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போனது, 'ஃபேமஸ் ஃபார்'. அந்தத் தப்புக்கு அவர் பொறுப்பு, 'ரெஸ்பான்ஸிபிள் ஃபார்'. பரீட்சைக்குத் தயார், 'ரெடி ஃபார்'. பள்ளிக்கூடத்துக்கு லேட், 'லேட் ஃபார்'. எல்லாவற்றுக்கும் ஒரு வாஸ் சேர்த்தால் இறந்த காலம். பாட்டில் ஆர்வம், 'இன்ட்ரஸ்டட் இன்'. மகனைப் பற்றிக் கவலை, 'வொரீட் அபவுட்'. அதிலிருந்து வேறுபட்டது, 'டிஃபரன்ட் ஃப்ரம்'. பெரிய பொறி வைத்திருக்கும் இடம் 'மேல்'தான் என்று என் அனுபவத்தில் சொல்வேன். கோபம், பொறாமை, ஆசை, பாசம் என்று மனசில் எழுவதையெல்லாம் நாம் அடுத்தவர் தலைமேல் ஏற்றிவைக்கிறோம். இங்கிலீஷ்காரன் ஏற்றுவது அபூர்வம். 'கீன் ஆன்' மாதிரி ஒன்றிரண்டு. ஆன் என்று கை எழுதப் போனால் ஒரு நொடி நிறுத்திப் பாருங்கள்.

கல்யாணத்துக்கு 'மேரீட் வித்' சரிதானே? அவரோடுதானே கல்யாணம்?

இதில் நானே மாட்டியிருக்கிறேன். பல வருஷம் முன்பு பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் இண்டர்வியூ. வீட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். 'ஐ காட் மேரீட் வித்' என்று ஆரம்பித்து, அடுத்த சொல் வராமல் திணறினேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் குறும்பாக 'வித் ஹவ் மெனி சில்ட்ரன்?' என்று கேட்டார். நான் ஒன்றும் விளங்காமல் 'ஒன்' என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். வேலை கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது: 'மேரீட் வித் டூ சில்ட்ரன்' என்றால் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் உள்ளவர். கணவனையோ மனைவியையோ சொல்ல 'டு'.

'ஷி வாஸ் மேரீட் டு எ டிரைவர்' என்றால் அப்போது அவள் டிரைவரின் மனைவியாக இருந்தாள், நிலைமை. 'ஷி காட் மேரீட் டு எ டிரைவர்' என்றால் கல்யாணம் நடந்தது, நிகழ்ச்சி. 'ஷி மேரீட் எ டிரைவர்' என்றால் வினை, ப்ரெபொசிஷனே வேண்டாம். தேதி போட்டு எழுதும்போது இரண்டாவதோ மூன்றாவதோ பொருந்தும்.

யூஸ்ட் டு, வாஸ் யூஸ்ட் டு. தலை சுற்றுகிறது.

எனக்கும் சுற்றியது. தமிழ்தான் தெளிய வைத்தது. 'அந்தக் காலத்துல அப்பா சைக்கிள்லயே பொள்ளாச்சி போவாரு.' போன காலத்துப் பழக்கத்தை நாம் எதிர்கால வினையில் சொல்கிறோம், விசித்திரம்தான். அந்த 'போவாரு'தான் 'யூஸ்ட் டு கோ'. இங்கே யூஸ்ட் டு வினையின் ஒரு பாகம். பின்னால் வெறும் வினை வரும், இங் வராது.

'தென்னை ஏறி ஏறி அவருக்குப் பழகிப்போயிருந்தது.' இந்தப் 'பழகிப்போயிருந்தது'தான் 'வாஸ் யூஸ்ட் டு'. 'ஹி வாஸ் யூஸ்ட் டு க்ளைம்பிங்.' இங்கே யூஸ்ட் அட்ஜெக்டிவ், டு ப்ரெபொசிஷன். அதனால் இங் வால் வந்தே தீரும். இல்லை என்று சொல்லும்போது சாயம் வெளுத்துவிடும்: முதலாவது 'டிட்ன்ட் யூஸ் டு', இரண்டாவது 'வாஸன்ட் யூஸ்ட் டு'. காதுக்கு இரண்டு யூஸ்ட் டுவும் ஒன்றாகத்தான் விழும், வாஸ் இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். 'அக்கஸ்டம்ட் டு' இரண்டாவதன் பெரிய மனுஷ வடிவம்.

'வாட் வேர் யூ அஃப்ரெய்ட் ஆவ்?' வாக்கியத்தை ஆவ் என்று முடிக்கலாமா? எங்கள் ஸ்கூலில் கூடாது என்றார்கள்.

தாராளமாக முடிக்கலாம். அந்தத் தடைக்கு ஒரு வரலாறு உண்டு. 1672-இல் ஜான் டிரைடன் என்ற கவிஞர், தனக்கு முந்தைய தலைமுறை பென் ஜான்சனின் வரி ஒன்று ப்ரெபொசிஷனில் முடிவதைக் குற்றமாகச் சொன்னார். 1762-இல் ராபர்ட் லவுத் தம் இலக்கண நூலில், ஆங்கிலம் இப்படி முடிக்கவே விரும்புகிறது, பேச்சில் இது சகஜம், ஆனால் கம்பீரமான எழுத்துக்கு முன்னால் வைப்பது அழகு என்கிற மாதிரி எழுதினார். அதைச் சொன்ன வாக்கியத்திலேயே ஒரு டுவைக் கடைசிக்குத் தள்ளியும் வைத்தார். பிற்பாடு வந்த பள்ளிக்கூடங்கள் 'அழகு' என்பதைச் 'சட்டம்' ஆக்கிவிட்டன.

'ஆவ் வாட் வேர் யூ அஃப்ரெய்ட்?' தப்பில்லை. ஆனால் டீக்கடையில் அப்படிக் கேட்டால் எதிரே இருப்பவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு உங்களைப் பார்ப்பார்.

சீனியர் தன் மீ என்றேன். அண்ணன் திருத்தினான்.

அண்ணன் சரி. சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் எல்லாம் லத்தீனிலிருந்து வந்தவை. அவற்றுக்கு டு. 'ஷி வாஸ் சீனியர் டு மீ இன் காலேஜ்.'

பி.எஸ்.சி.க்கு எந்தப் பட்டியலை மனப்பாடம் செய்வது?

பட்டியலைக் கையில் எடுத்தவர்கள் ஏ வரிசை தாண்டியதை நான் பார்த்ததில்லை. உங்களுக்கு நடந்ததையே வாஸ் போட்டு ஒரு வரியாக எழுதுங்கள். ராத்திரி வகுப்புக்கு வருகிற ஒரு பஸ் கண்டக்டர் டிக்கெட் கட்டையின் பின்னட்டையில் எழுதிவைத்திருந்தார்: 'ஐ வாஸ் டயர்ட் ஆவ் ஸ்டாண்டிங். தி பஸ் வாஸ் க்ரௌடட் வித் ஸ்டூடன்ட்ஸ். எ லேடி வாஸ் அன்னாய்ட் வித் மீ அபவுட் சேஞ்ச்.' சில்லறைத் தகராறில் மூன்று ப்ரெபொசிஷன் படித்துவிட்டார்.

பரீட்சையில் மட்டும் பழைய வழக்கத்தையே டிக் செய்யுங்கள். இளைஞர்கள் 'போர்ட் ஆவ்' என்கிறார்கள், எழுதவும் செய்கிறார்கள். விடைத்தாளில் 'போர்ட் வித்' பத்திரம். 'டிஃபரன்ட் டு' பிரிட்டனில் உண்டு, 'டிஃபரன்ட் தன்' அமெரிக்காவில் உண்டு. 'டிஃபரன்ட் ஃப்ரம்' எங்கும் செல்லும்.

மேனேஜருடைய அப்பா தவறிவிட்டார். 'ஐ ஃபெல்ட் சாரி ஃபார் யுவர் ஃபாதர்' என்று அனுப்பலாமா?

துபாயில் வேலை செய்கிற பழைய மாணவன் ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் கேட்டது. நல்லவேளை, அனுப்பும் முன் கேட்டான். 'ஃபெல்ட் சாரி ஃபார்' என்றால் ஐயோ பாவம் என்று இரக்கப்படுவது. இறந்தவரைப் பார்த்துப் பரிதாபப்பட்ட மாதிரி இருக்கும். 'ஐ வாஸ் சாரி டு ஹியர் அபவுட் யுவர் ஃபாதர்' என்று அனுப்பச் சொன்னேன். செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்பதானால் சாரி ஃபார், பின்னால் இங்: 'சாரி ஃபார் பீயிங் லேட்.'

ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி மணி அடித்தது. 'ஹியரா, ஹெர்டா டீச்சர்? அவர் நேத்தே இறந்துட்டார்ல?'

ஹியர்தான்டா. காலத்தை வாஸ் பார்த்துக்கொள்ளும்.